இரண்டு முறை தொலைந்த முகவரி: ஓர் ஆத்தங்குடிக் கல் பட்டறையின் இணையதளம்

பின்னணி

2024 மே மாதம் பட்டறை உரிமையாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது மேசையில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்தார். அதில் இணையதள முகவரி அச்சான இடத்தைப் பேனாவால் அடித்து, மேலே இன்னொரு முகவரியைக் கையால் எழுதியிருந்தார். அதையும் அடித்திருந்தார். "ஆயிரம் கார்டு அடிச்சேன் தம்பி. ஐந்நூறு இன்னும் கட்டுப் பிரிக்கல" என்றார்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி பக்கம் இருக்கிற ஆத்தங்குடியில் அவருக்குத் தரைக்கல் பட்டறை. அப்பா காலத்துத் தொழில். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கையும் வாட்ஸ்அப்பையும் பி.காம். முடித்த மகள் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் மதுரையில் இணையதளம் அமைத்துக் கொடுக்கிற இருவர். அவர் கேட்டது ஒரு நல்ல வெப்சைட். "பெரிய டைல்ஸ் கம்பெனிங்க வச்சிருக்காங்களே, படம் தானா ஓடுமே, அந்த மாதிரி."

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி அதிலிருந்துதான் வந்தன. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டில் கலந்த நிறக் குழம்பை அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டுக் காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வார்கள். பிறகு காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போடுவார்கள். வெளியே எடுத்து உலர்த்தும்போது கண்ணாடி கழன்று வரும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. எல்லாம் கைவேலை என்பதால் ஒரு கல்லைப் போல இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது. இயந்திரத்தில் அச்சடித்த டைல்ஸோடு ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் தளத்தின் பாதி வேலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு தளங்கள் போன கதை

முதல் தளம் 2021இல் வந்தது. உள்ளூரில் ஓர் இளைஞர் அமைத்துக் கொடுத்தார். நல்ல பையன்தான், வேலையிலும் குறை இல்லை. ஆனால் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டியிருந்தது. அதற்குள் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. 2023இல் கெடு முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கும்.

டாட் காம் முகவரி கெடு முடிந்த அன்றே கைவிட்டுப் போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் அதிகக் கட்டணத்தில் மீட்கலாம். அடுத்த 5 நாளில் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிடப்படும். இவர்களுக்கு விஷயம் தெரிந்ததே ஒரு வாடிக்கையாளர் "உங்க சைட்ல என்னங்க சீட்டாட்டம் வருது?" என்று கேட்ட பிறகுதான். நாங்கள் திறந்து பார்த்தபோதும் அந்த முகவரியில் ரம்மி விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்ததாக மகளே ஒரு வழி கண்டுபிடித்தார். இணைய வரைபடத்தில் கடையைப் பதிவுசெய்தால் ஒரு பெரிய நிறுவனம் இலவசமாக ஒற்றைப் பக்கத் தளம் கொடுத்துவந்தது. அதில் படங்களை ஏற்றி வைத்தார். 2024 மார்ச்சில் அந்தச் சேவையே நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே வந்த அறிவிப்பு, யாரும் திறக்காத மின்னஞ்சல் ஒன்றில் கிடந்தது. நிறுத்திய பிறகும் சில வாரம் பழைய முகவரியைத் தட்டினால் வரைபடப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் தளம் போனது தெரியவே நாளாயிற்று.

இரண்டு கதைகளையும் கேட்டபோது எங்களுக்கு ஒன்று பட்டது. இவர்கள் இழந்தவை வடிவமைப்பில் மோசமான தளங்கள் இல்லை. முகவரி ஒன்றில் அடுத்தவர் பெயரிலும், இன்னொன்றில் அடுத்தவர் தயவிலும் இருந்தது. ஆகவே முதல் நாளே, வேறு எதுவும் பேசுவதற்கு முன், டாட் இன் முகவரி ஒன்றை உரிமையாளர் பெயரில், அவர் கைபேசி எண்ணில், அவருடைய சொந்த மின்னஞ்சலில் வாங்கினோம். பணத்தையும் அவர் கார்டிலிருந்தே கட்டவைத்தோம். "நீங்களே போட்டுட்டு பில்லுல சேத்துக்கங்களேன் தம்பி" என்றார். மறுத்துவிட்டோம். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

மூன்று வாரம், ஒரு நோட்டு

ஓடும் படம் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் அவகாசம் கேட்டோம். பட்டறையில் போன் இருக்கும் மேசைமேல் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்தோம். யார் கூப்பிட்டாலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த ஊர், முதலில் என்ன கேட்டார்கள், பேச்சு எப்படி முடிந்தது. எழுதும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டார். முதல் இரண்டு நாள் அப்பா எழுதியதில் "மெட்ராஸ், கல் கேட்டார், சரி" என்று மட்டும் இருந்தது. அதனால்தான் வேலை மகளிடம் போனது.

கல் பார்க்க ஆசைப்பட்டு, டிசைன் கேட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று உரிமையாளர் நம்பியிருந்தார். நோட்டு வேறு சொன்னது. என்னென்ன டிசைன் இருக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் எங்கோ பார்த்த படத்தை முன்பே வைத்திருந்தார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது "சதுர அடி என்ன விலை?" அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில் தொடங்கின. அவற்றில் பல இதற்குப் பதில் கிடைத்ததும் முடிந்தும் போயின.

மற்றவையும் திரும்பத் திரும்ப வந்தன. எங்க ஊருக்கு அனுப்புவீங்களா, லாரி வாடகை யார் தலையில? பதினாறுக்குப் பன்னெண்டு ஹால், எத்தனை கல் ஆகும்? பதிக்க உங்க ஆள் வருவாங்களா, எங்க கொத்தனாரே போடலாமா? பாத்ரூம்ல போட்டா வழுக்குமா? இதே பூ டிசைன் டவுன்ல பாதி விலைக்குக் கிடைக்குதே? இந்தக் கடைசிக் கேள்விக்கு உரிமையாளர் கோபப்படுவார். டவுனில் கிடைப்பது குஜராத்தின் மோர்பி போன்ற இடங்களில் ஆலையில் சுட்டு, மேலே பூ அச்சடித்த டைல்ஸ். இரண்டும் வேறு சரக்கு. போனில் அதை விளக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகும், விளக்கி முடிப்பதற்குள் எதிர்முனை துண்டித்திருக்கும்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒரு வரிசையும் நோட்டில் இருந்தது. லாரி ஓட்டுநர்கள். வரைபடத்தில் பட்டறையின் குறி சரியான இடத்தில் இல்லை. அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு ஊருணிக் கரையில் நின்றது. வாரத்துக்கு மூன்று நான்கு பேர் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு வழி கேட்டுக் கூப்பிட்டார்கள். இது தளம் இல்லாமலே தீர வேண்டிய பிரச்சினை. பட்டறையின் பெயர்ப்பலகை, தெரு, உள்ளே வேலை நடப்பது எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வரைபட நிறுவனத்துக்கு அனுப்பி, பதிவை உறுதிசெய்து, குறியை நகர்த்தினோம். உரிமையாளர் இந்த மொத்த வேலையிலும் மனதாரப் பாராட்டியது இதைத்தான்.

கட்டடக் கலைஞர்களின் அழைப்புகள் தனி ரகம். எண்ணிக்கையில் கொஞ்சம், ஆர்டரில் பெரிது. பெங்களூர், புதுச்சேரி, கொச்சி என்று வெளியூர்கள். விலை கேட்பதற்கு முன்பே கல்லின் கனம், அளவு, மாதிரிக் கல் வருமா, ஜிஎஸ்டி பில் உண்டா என்று கேட்டார்கள். ஒருவர் "உங்க கேட்டலாக் பிடிஎஃப் அனுப்புங்க" என்றதற்கு இங்கிருந்து முப்பத்தெட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் போயிருக்கின்றன.

எதை வைப்பது, எதை விடுவது

ஷாப்பிங் கார்ட், ஆன்லைன் பேமெண்ட் எல்லாம் வேண்டும் என்று உரிமையாளரின் மைத்துனர் ஒருவர் சொல்லியிருந்தார். நாங்கள் வேண்டாம் என்றோம். கணக்குப் போட்டுக் காட்டினோம். எட்டுக்கு எட்டு அங்குலக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல். 400 சதுர அடிக்கு 900. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 945. முக்கால் அங்குலக் கனத்துக்குச் சதுர அடி ஏறக்குறைய நான்கு கிலோ வரும். அப்படியானால் ஒன்றரை டன்னுக்கு மேல். இது கூரியரில் போகிற பொருள் இல்லை. லாரி பேசி, ஏற்றுக்கூலி பேசி, எந்தச் சந்துவரை வண்டி போகும் என்று கேட்டுத்தான் அனுப்ப முடியும். பேசாமல் விற்க முடியாத பொருளுக்கு 'வாங்கு' பொத்தான் வைத்தால் அப்புறம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே வேலையாகிவிடும்.

விலையைப் போடுவதா என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. "விலையப் போட்டா பக்கத்துப் பட்டறைக்காரன் ஒரு ரூபா குறைச்சுப் போடுவான்" என்றார் அப்பா. "அவங்களுக்கு நம்ம விலை ஏற்கெனவே தெரியும்பா. தெரியாம இருக்கறது வாங்க வர்றவங்களுக்குத்தான்" என்றார் மகள். எங்கள் கட்சி மகள் கட்சி. நோட்டைப் புரட்டி, விலை மட்டும் கேட்டு முடிந்துபோன அழைப்புகளை ஒரு பக்கமாக எண்ணிக் காட்டினோம். அவர்களில் பலருக்கு அந்த விலையில் வாங்கும் எண்ணமே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவர்களும் ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது, இவரும் ஒரு போன் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் உடன்பாடு இப்படி: நிறக்கல், இரண்டு மூன்று நிறப் பூக்கல், நிறம் கூடிய பார்டர் கல் என்று மூன்றே வகை. ஒவ்வொன்றுக்கும் 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று ஒரு தொகை. பக்கத்திலேயே எந்தத் தேதி விலை என்பதும் இருக்கும். தொகையை நான் இங்கே எழுதவில்லை. அது அவர் சரக்கு.

மொழி விஷயத்தில் ஒரு சின்ன முடிவு பெரிதாகப் பலன் கொடுத்தது. முழுத் தளத்தையும் இரண்டு மொழியிலும் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு யார் எதைப் படிப்பார்கள் என்று பார்த்தோம். கட்டடக் கலைஞருக்கான விவரப் பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் போதும். முகப்பும் விலையும் இரண்டிலும் வேண்டும். பதிக்கும் முறை தமிழில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் படிக்கப்போவது கொத்தனார். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் வேலையிடத்தில் நின்றுகொண்டு படிப்பார். அந்தப் பக்கத்தை எழுத, முப்பது வருடமாக இந்தக் கல் பதிக்கும் ஒரு மேஸ்திரியோடு அரை நாள் உட்கார்ந்தோம். அவர் சொன்னதையே கிட்டத்தட்ட அவர் வாயால் எழுதினோம். கல்லை இரும்பால் தட்டாதே. மேலே ஒழுகிய சிமெண்ட் பாலை உடனே துடை, காயவிடாதே. பெயிண்ட் வேலை முடியும்வரை மூடி வை. ஆசிட் ஊற்றிக் கழுவவே கழுவாதே, சிமெண்ட் கல் என்பதால் மேல்தோலை அரித்துவிடும். கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடை, நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

படம்

இதற்கு மட்டும் தனித் தலைப்பு, ஏனென்றால் அதிகம் தடுமாறியது இங்கேதான்.

பட்டறையில் ஏற்கெனவே எக்கச்சக்கமான படங்கள் இருந்தன. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆழமான பச்சை. பிரமாதமாக இருந்தன. பிரச்சினை என்ன என்பது நாங்கள் ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் நின்றபோது தெரிந்தது. ஊறிய தொட்டியிலிருந்து கல்லை எடுத்து, கண்ணாடி கழன்றதும், ஈரம் மினுமினுக்கும்போது மகள் படம் எடுப்பார். அழகாக இருக்கிற நேரம் அதுதான். ஈரக் கல்லின் நிறம் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். நோட்டில் "கலர் வேற மாதிரி வந்திருக்கு" என்று வந்த புகார்கள் எங்கிருந்து முளைத்தன என்று அங்கே புரிந்தது.

ஆகவே எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். ஆடி மாதம் அதற்குத் தோதாக அமைந்தது. ஆடியில் புதுமனை புகுவிழா வைக்க மாட்டார்கள், ஆர்டர் மந்தம். நன்றாகக் காய்ந்த கல்லை, காலை வெளிச்சத்தில், நிழலில், ஒரே வெள்ளைத் துணியை விரித்து எடுத்தோம். ஒவ்வொரு டிசைனுக்கும் மூன்று படம்: தனிக் கல், ஒன்பது கல் சேர்த்துப் பரப்பியது, யார் வீட்டிலாவது பதித்து நாளான தரை. மூன்றாவதற்காக இரண்டு பழைய வாடிக்கையாளர் வீடுகளில் அனுமதி கேட்டு எடுத்தோம். கீறலும் கால் பட்ட தடமும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். உரிமையாளருக்கு இது பிடிக்கவே இல்லை. "புதுக் கல்ல விட்டுட்டுப் பழசப் போய்ப் படம் புடிக்கிறீங்களே" என்றார். அப்புறம் அந்த வீட்டுத் தரை இருபது வருடம் பழையது என்று படத்தின் கீழ் எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

ஒவ்வொரு டிசைனுக்கும் எண் கொடுத்தோம். அதுவரை 'தாமரை', 'பெரிய தாமரை', 'பழைய தாமரை' என்றுதான் பேச்சு. எந்தத் தாமரை என்பதில் ஒரு முறை ஒரு கூடத்துக் கல்லே மாறிப் போயிருக்கிறது.

கட்டியது

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஏழு பக்கம். ஓடும் படம் கிடையாது. கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருந்ததை வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் வரும்படி சுருக்கினோம். முகப்பின் பெரிய படம் இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் நல்ல தளத்துக்கு வைத்திருக்கும் அளவுகோல். அதை எங்கள் அலுவலக வைஃபையில் அளந்து மகிழாமல், காரைக்குடி பேருந்து நிலையத்தில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்த்தோம். முதல் முறை தேறவில்லை. எழுத்துரு கோப்புதான் பாரமாக இருந்தது, போனிலேயே இருக்கும் எழுத்துருவுக்கு மாறினோம்.

நீளம், அகலம், கல் அளவு கொடுத்தால் எத்தனை கல், தோராயமாக எத்தனை கிலோ என்று சொல்லும் ஒரு கணக்குப் பெட்டி வைத்தோம். வரைபடத்திலும் தளத்திலும் பில்லிலும் பட்டறையின் பெயரும் எண்ணும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

தொடர்பு கொள்ளும் பக்கத்தில் நாங்கள் சறுக்கினோம். பெயர், ஊர், மின்னஞ்சல், கட்டடத்தின் நிலை, தேவைப்படும் தேதி என்று ஒன்பது கட்டம் கொண்ட படிவம் ஒன்றை வைத்தோம். நோட்டில் பார்த்த எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற ஆசை.

ஆவணியில் தொடக்கம்

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, 2024 ஆகஸ்ட் பின்பாதியில், ஆவணி பிறந்ததும் தளத்தைத் திறந்தோம்.

முதல் மாதம் படிவம் வழியாக வந்தவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று நாங்களே சோதித்துப் பார்த்தது. ஒன்பது கட்டத்தைக் கைபேசியில் நிரப்ப யாருக்கும் பொறுமை இல்லை. படிவத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிசைனுக்கும் கீழே ஒரு வாட்ஸ்அப் இணைப்பு வைத்தோம். தட்டினால் 'டிசைன் எண் 14, எட்டு அங்குலம், எங்கள் ஊர்: , சதுர அடி: ' என்று செய்தி தயாராக வரும், காலியை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். அந்த இணைப்பில் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியும் பூஜ்யமும் இல்லாமல் 91 மட்டும் சேர்த்து எழுத வேண்டும். முதல் நாள் ஒரு பூஜ்யம் கூடப் போய், அரை நாள் எந்தச் செய்தியும் வரவில்லை.

புரட்டாசியில் உரிமையாளர் கூப்பிட்டார். "போன் குறைஞ்சிருச்சே தம்பி" என்றார் கவலையாக. உண்மைதான், அழைப்பு குறைந்திருந்தது. விலை கேட்டு வைப்பவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொண்டார்கள் என்று நாங்கள் விளக்கினோம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. புரட்டாசியிலும் புதுமனை புகுவிழா குறைவு, எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும். மேயில் வைத்த நோட்டோடு புரட்டாசியை ஒப்பிடுவது சரியில்லை. அதனால் அடுத்த மேயில், அதே மூன்று வாரம், அதே மேசையில் இன்னொரு நோட்டு வைத்தோம். அப்போதுதான் நம்பிப் பேச முடிந்தது. மொத்த அழைப்பு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. விலை மட்டும் கேட்டவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் டிசைன் எண்ணோடு வந்தார்கள். மாதிரிக் கல் கேட்ட கட்டடக் கலைஞர்கள் கூடியிருந்தார்கள். வழி கேட்ட லாரிக்காரர் ஒருவரும் இல்லை.

தளத்தில் அதிகம் பகிரப்பட்டது கொத்தனார் பக்கம். இந்தப் பட்டறையில் வாங்காதவர்களும் அதை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரே தன் வாடிக்கையாளருக்கு அதை அனுப்பியதைப் பார்த்து உரிமையாளர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பதிக்கிறவன் ஒழுங்கா பதிச்சா எல்லாக் கல்லுக்கும்தான் நல்ல பேரு" என்று விட்டுவிட்டார்.

கார்த்திகையில் நடந்தது

இது எங்கள் தவறு. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தளத்தில் 'ஆர்டர் உறுதியான 20 நாளில் கல் தயார்' என்று ஒரு வரி இருந்தது. மேயிலும் ஜூனிலும் பட்டறையில் கேட்டு எழுதியது. வெயில் காலத்தில் அது உண்மை. புதுச்சேரியில் வீடு கட்டிய ஒரு குடும்பம் ஐப்பசியில் ஆர்டர் கொடுத்தது. அவர்களுக்குக் கார்த்திகையில் முகூர்த்தம். 20 நாள் என்று தளத்தில் படித்து, கொத்தனாருக்கு ஒரு வாரம் சேர்த்துக் கணக்குப் போட்டு நாள் குறித்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் இந்தக் கல் சீக்கிரம் காயாது. பட்டறையில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியது நாங்கள். நாங்கள் போனது கோடையில், பார்த்தது கோடை. கல் தயாராகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஏற்றுவதற்கு நாள் குறித்த வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. லாரி கிளம்ப மேலும் நாளானது. அந்த வீட்டில் சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் பால் காய்ச்சினார்கள்.

வீட்டுக்காரர் கத்தவில்லை. 20 நாள் என்ற வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினார். புயலைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் புயலுக்கு முன்பே தேதி தவறியிருந்தது. உரிமையாளர் லாரி வாடகையைத் தானே ஏற்றுக்கொண்டார். அதில் பாதியை எங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னோம். முதலில் மறுத்தார், பிறகு ஏற்றார்.

அன்றே அந்த வரியை எடுத்தோம். அந்த இடத்தில் இப்போது 'இன்று ஆர்டர் கொடுத்தால் கல் தயாராகும் நாள்' என்று ஒரு தேதி நிற்கிறது. மகள் தன் போனிலிருந்து வாரம் ஒரு முறை மாற்றுகிறார். இரண்டு வாரம் மாற்றாமல் விட்டால் தேதி தானாக மறைந்து, 'போனில் கேளுங்கள்' என்று வரும்.

இன்று செய்தால்

நோட்டை மேயில் மட்டும் வைத்திருக்க மாட்டோம். அல்லது வைத்துவிட்டு, மழையில் என்ன ஆகும், தை மாத நெருக்கடியில் என்ன ஆகும் என்று உரிமையாளரிடம் மாதம் மாதமாகக் கேட்டு எழுதியிருப்போம். கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

ஒன்பது கட்டப் படிவத்தை வைத்திருக்க மாட்டோம். வருகிறவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள் என்பது நோட்டிலேயே இருந்தது. பார்த்தும் வைத்தோம், தொழில் பழக்கம்.

மேஸ்திரியிடம் கடைசியில் போனோம், முதலில் போயிருக்கலாம். 'வழுக்குமா' என்ற கேள்விக்கு நாங்கள் முதலில் எழுதிய பதில் மழுப்பலாக இருந்தது. எண்ணெய் தேய்த்த கல் குளியலறை ஈரத்தில் வழுக்கும், அங்கே வேறு கல் போடுங்கள் என்று அவர்தான் நேராகச் சொன்னார். அதை அப்படியே போட்டதில் விற்பனை எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஒப்படைப்புத் தாளையும் முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். டொமைன் எங்கே, எந்த மின்னஞ்சலில், தளம் எந்தச் சர்வரில் இருக்கிறது, வரைபடப் பதிவு யார் கையில், எதற்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும் என்று ஒரே தாள். நாங்கள் ஐந்து மாதம் கழித்துத்தான் கொடுத்தோம். அந்த ஐந்து மாதத்தில் எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இவர்கள் மூன்றாவது முறையும் முகவரி தேடியிருப்பார்கள். தாள் இப்போது வீட்டுப் பீரோவில், பத்திரங்களோடு இருக்கிறது. புதுப்பிக்க வேண்டிய தேதி பட்டறைச் சுவரில் மாதக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கிடக்கிறது.

புது கார்டு அடித்துவிட்டார்கள். பழைய கார்டுக் கட்டுகளை உரிமையாளர் தூக்கிப்போடவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். தளத்தில் கணக்குப் பெட்டி இருந்தாலும், யாராவது நேரில் வந்து அறை அளவு சொன்னால் ஒரு கார்டை உருவி, பின்பக்கத்தில் நீளத்தை அகலத்தால் பெருக்கி, இரண்டே காலால் பெருக்கி, உடைசல் சேர்த்து, அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறார்.